உயரம் என்ற நெடுவரிசை: மலையில் டிஸ்க் கோல்ஃப் ஆடப் போவதற்கு ஒரு பயணத் திட்டம்

முதல் முறை கொலராடோவுக்குக் கிளம்பியபோது என் எக்செல் தாளில் எல்லாமே இருந்தது. மைதானத்தின் பெயர், எத்தனை கூடை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை மைல், எங்கே பெட்ரோல், எங்கே தூக்கம். ஐந்து நாளில் ஏழு மைதானம். தாளைப் பார்த்த என் மனைவி, "ஆபீஸ் வேலையை இப்படிப் பார்த்திருந்தா இந்நேரம் டைரக்டர் ஆகியிருப்பீங்க" என்றாள்.

கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற ஒரு நெடுவரிசை மட்டும் அதில் இல்லை. அது இல்லாததால், இரண்டாம் நாள் மதியம் லெட்வில் ஊரின் ஒரு மோட்டலில், குளியலறைத் தரையில் என் நண்பன் சுருண்டு கிடந்தான். நான் அப்போது அங்கே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. கோல்ஃப் மாதிரிதான். பந்துக்கும் மட்டைக்கும் பதில் ஃபிரிஸ்பி மாதிரி ஒரு தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை, அதன் மேல் தொங்கும் சங்கிலிகள். தட்டு சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழ வேண்டும். எத்தனை வீச்சில் போட்டீர்கள் என்பதுதான் கணக்கு, குறைவாக வீசியவர் ஜெயித்தவர். தட்டு சாதாரண ஃபிரிஸ்பியைவிடச் சின்னது, கனமானது, விளிம்பு கூர்மையாக இருக்கும். எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். நாஸாவின் ஜேபிஎல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில், சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த இடம். ஆரம்பத்தில் அங்கே வெறும் கம்பங்கள்தான், சங்கிலிக் கூடை பிறகு வந்தது. ஹெட்ரிக் 2002இல் இறந்த பிறகு அவருடைய அஸ்தியைக் கலந்து டிஸ்க்குகள் செய்தார்கள். நம் ஊரில் ஆற்றில் கரைப்போம், அவர் மரக்கிளையில் மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார் போல.

இந்த ஆட்டம் ஏன் மலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பந்து கோல்ஃபுக்கு நிலத்தைச் சமன் செய்ய வேண்டும், புல் வளர்க்க வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும். டிஸ்க் கோல்ஃபுக்கு அது எதுவும் வேண்டாம். தட்டு காற்றில்தான் போகிறது, கீழே பாறையா முள்ளா என்று அதற்குக் கவலை இல்லை. நிற்க நாலடிச் சமதளமும், கூடை நட ஒரு குழியும் போதும். அதனால் வேறு எதற்கும் பயன்படாத சரிவுகளில், பைன் காடுகளுக்கு நடுவே, கோடையில் சும்மா கிடக்கும் பனிச்சறுக்கு மலைகளில் எல்லாம் மைதானங்கள் முளைத்துவிட்டன. டாலஸில் ஆடுகிற எங்களுக்கு 3 மீட்டர் மேடே பெரிய மலை. யூட்யூபில் மலை மைதானங்களைப் பார்த்துப் பார்த்துதான் இந்த ஆசையே வந்தது. ஒருத்தர் உச்சியில் நின்று வீசுகிறார், தட்டு பள்ளத்தாக்கின் மேலே மிதந்து மிதந்து போகிறது, கூடை எங்கேயோ கீழே ஒரு புள்ளியாகத் தெரிகிறது. ஒரு தடவையாவது அப்படி வீச வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

டாலஸ் சுமார் 130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். அமரில்லோவில் மதியச் சாப்பாடு, அதற்குள்ளாகவே 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறியாயிற்று. ஆனால் அந்தச் சாலை அவ்வளவு தட்டையாக இருக்கும், ஏறுகிறோம் என்பதே தெரியாது. நியூ மெக்ஸிகோவின் ஓரத்தைத் தொட்டு, ரேட்டன் கணவாயில் 2,388 மீட்டர் ஏறி, கொலராடோவுக்குள் இறங்கினோம். பிறகு பியூப்லோ, அங்கிருந்து ஆர்கன்சா ஆற்றை ஒட்டி மேற்கே. இரவு பதினோரு மணிக்கு லெட்வில். அமெரிக்காவிலேயே மிக உயரத்தில் இருக்கும் நகரங்களில் ஒன்று, 3,094 மீட்டர். மோட்டல் அங்கே மலிவு என்பதுதான் நான் அதைத் தேர்ந்தெடுத்த ஒரே காரணம்.

அறைக்குள் நுழைந்து பையைத் திறந்தால், டாலஸில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தது. சிரித்தோம், போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டோம். வெளியே காற்றழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று அந்தப் பாக்கெட் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

காலையில் அவன், "மச்சி, தலை லேசா வலிக்குதுடா" என்றான். நேற்று முழுக்க வண்டியில் உட்கார்ந்ததால் இருக்கும், காபி குடித்தால் சரியாகிவிடும் என்றேன். காபி குடித்தான், வாந்தி எடுத்தான். "நீ போய் ஆடிட்டு வா, நான் கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றான். நான் போனேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினான்கு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறோம், தாளில் அன்றைக்கு இரண்டு மைதானம் என்று எழுதியிருக்கிறேன், அதனால் போனேன்.

அன்றைக்கு என் ஆட்டம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் இதே விஷயம்தான். டாலஸில் நேராகப் போகும் டிஸ்க் ஒன்று இங்கே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இடதுபக்கம் திரும்பிப் பொத்தென்று விழுந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. காற்றடிக்கிறதோ என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன், காற்றே இல்லை. ஒன்பது கூடை ஆடுவதற்குள் மூன்று டிஸ்க் தொலைந்தது, மூச்சு இரைத்தது. மலையில் காற்று மெலிது, எதிர்ப்புக் குறைவு, அதனால் தட்டு இன்னும் தூரம் போகும் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். பேஸ்பால் பந்து டென்வரில் அப்படித்தான் போகிறது. ஆனால் டிஸ்க் பந்து இல்லை, அது ஒரு சிறகு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வலது கையால், உடலுக்குக் குறுக்கே இருந்து வெளியே வீசினால் தட்டு மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுழலும். பறக்கும் தட்டைக் காற்று மேலே தூக்குகிறது. அந்தத் தூக்கும் விசை தட்டின் சரியான நடுவில் வேலை செய்வதில்லை. தட்டு வேகமாக, கிட்டத்தட்ட படுக்கை வசமாகக் காற்றைக் கிழிக்கும்போது விசை நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் விழுகிறது, மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கிறது. வேகம் குறைந்து தட்டு தாழத் தொடங்கும்போது காற்று அடிப்பக்கத்தில் அதிகம் மோதுகிறது, விசை முன்னால் நகர்ந்து மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. சுழலாத பொருளாக இருந்தால் குப்புறக் கவிழும், அல்லது மல்லாக்கப் புரளும். ஆனால் இது சுழல்கிறது. சுழலும் பம்பரத்தின் தலையை விரலால் தள்ளிப் பாருங்கள், தள்ளிய பக்கம் போகாது, அதற்குக் குறுக்கே நகரும். அதே கதைதான் இங்கேயும். மூக்கை அழுத்தினால் தட்டு வலதுபக்கம் சாயும், மூக்கைத் தூக்கினால் இடதுபக்கம் சாயும். முதலில் வரும் வலது வளைவை டர்ன் என்பார்கள், கடைசியில் வரும் இடது வளைவை ஃபேட் என்பார்கள். நல்ல வீச்சு என்பது இந்த இரண்டும் சேர்ந்து போடும் ஒரு நீளமான எஸ் வடிவம்.

இப்போது காற்றை மெலிதாக்குங்கள். லெட்வில் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 73 சதவீதம்தான். தூக்கும் விசை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 73 சதவீதத்தின் வர்க்கமூலம் சுமார் 0.85. அதாவது நான் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் தட்டுக்கு அது கடல் மட்டத்தில் 68 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய மாதிரிதான் தெரியும். எடையைத் தாங்கப் போதுமான தூக்கல் இல்லை, அதனால் தட்டு சீக்கிரமே தாழ ஆரம்பிக்கிறது. தாழும்போது காற்று அடியில் மோதுகிறது, மூக்கு தூக்கப்படுகிறது, இடதுபக்கம் சாய்கிறது. டர்ன் வருவதற்குள்ளாகவே ஃபேட் வந்துவிடுகிறது. என் டிஸ்க்குகள் கெட்டுப்போகவில்லை, என் கையும் கெட்டுப்போகவில்லை. மெலிந்த காற்றில் என் கை வேகம்தான் ஒரு படி கீழே இறங்கிவிட்டது.

காற்றின் எதிர்ப்பும் குறைகிறது என்பது உண்மை. அதனால் தட்டு தன் வேகத்தைச் சற்று நேரம் அதிகமாகத் தக்கவைத்துக்கொள்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வீசுகிற தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது லாபம். அவரிடம் கொஞ்சம் இழக்க வேகம் இருக்கிறது. என்னை மாதிரி வார இறுதி ஆட்டக்காரருக்கு நஷ்டம்தான் முதலில் கண்ணில் படும்.

இதிலிருந்து கிடைக்கும் பயன் ரொம்ப நேரடியானது. டிஸ்க் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். இன்னோவா கம்பெனியின் டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3. ரோட்ரன்னர் 9, 5, -4, 1. முதல் எண் அந்தத் தட்டு சரியாகப் பறக்க எவ்வளவு கை வேகம் கேட்கிறது என்பது. மூன்றாவது எவ்வளவு எளிதாக வலதுபக்கம் திரும்பும் என்பது, எதிர்மறை எண் பெரிதாக இருந்தால் சுலபமாகத் திரும்பும். டாலஸில் ரோட்ரன்னரை நான் தொடுவதே இல்லை. வீசினால் வலதுபக்கம் கவிழ்ந்து தரையில் உருளும். அதே தட்டு 2,700 மீட்டர் உயரத்தில் அழகாக நிமிர்ந்து, நேராகப் போய், கடைசியில் மெல்ல இடதுபக்கம் இறங்குகிறது. தரையில் 'பொம்பளைப் பிள்ளை வீசுறது' என்று என் நண்பன் கிண்டல் செய்த லெப்பர்ட் (6, 5, -2, 1) மலையில் எங்கள் இருவருடைய முக்கியமான டிஸ்க் ஆகிவிட்டது. அவன் மகள் இப்போது அந்தக் கிண்டலுக்கு அவனை விடுவதில்லை.

ஆகவே முதல் விதி: மலைக்குப் புதிய டிஸ்க் வாங்க வேண்டாம், பரணில் கிடக்கும் 'ரொம்ப வளையுது' என்று ஒதுக்கிய டிஸ்க்குகளை எடுத்துப் போங்கள். பழசாகி அடிபட்டுத் தேய்ந்தவை இன்னும் நல்லது, தேயத் தேய வலதுபக்கம் திரும்பும் குணம் கூடும். எடை குறைந்தவையும் உதவும். 175 கிராமுக்குப் பதில் 160 என்றால் தூக்க வேண்டியது குறைவு. ஒரு சின்ன எச்சரிக்கை, டிஸ்க் பையை வெயிலில் கார் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள், அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

மோட்டலுக்குத் திரும்பினேன் என்று சொன்னேன் அல்லவா. கதவைத் தட்டினால் பதில் இல்லை. உள்ளே போனால் குளியலறைத் தரையில் கிடக்கிறான். தரை சில்லென்று இருக்கிறது, தலைக்கு நன்றாக இருக்கிறது என்றான். எழுப்பி உட்கார வைத்தேன். பெயர் சொல்லச் சொன்னேன், என்ன நாள் என்று கேட்டேன், அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நேராக நடக்கச் சொன்னேன். நடந்தான். அந்த மூன்று கேள்வியையும் நான் படித்துத் தெரிந்து வைத்திருக்கவில்லை, குடித்தவர்களைப் போலீஸ் சோதிப்பதை சினிமாவில் பார்த்த ஞாபகம். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, கேட்க வேண்டியது கிட்டத்தட்ட அதையேதான்.

மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே தொடங்குகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை. இந்த அளவில் நின்றால் ஓய்வெடுத்தால் சரியாகும், மேலே மட்டும் ஏறக் கூடாது. குழறல், தள்ளாட்டம், குழப்பமான பேச்சு வந்தால் மூளையில் நீர் கோர்க்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமினால், நுரையீரலில் நீர் கோர்க்கிறது. இந்த இரண்டும் உயிர் போகிற விஷயம், உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இளைஞனா, உடற்பயிற்சி செய்பவனா என்றெல்லாம் இது பார்ப்பதில்லை. எங்கள் இருவரில் வாரம் மூன்று நாள் ஓடுகிறவன் அவன், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவன் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருந்து எது என்று கேட்டால், முதல் மருந்து இறக்கம். அவனை வண்டியில் ஏற்றி, தலையணையைச் சாய்த்து வைத்து, சலைடா என்ற ஊருக்கு ஓட்டினேன். ஒன்றேகால் மணி நேரம், 900 மீட்டருக்கு மேல் இறக்கம். ப்யூனா விஸ்டா தாண்டும்போது கண்ணைத் திறந்து ஜன்னலை இறக்கினான். சலைடாவில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில், "பசிக்குதுடா" என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. மீதி ஐந்து மைதானத்தையும் ரத்து செய்து மறுநாள் டாலஸ் திரும்பினோம். வழி முழுக்க அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருடம் அவனேதான் போன் பண்ணினான். "போலாமா? இந்தத் தடவை ப்ளான் நான் போடறேன்." இருவரும் சேர்ந்து போட்டோம். இந்த முறை தாளின் முதல் நெடுவரிசை, இரவு தூங்கும் இடத்தின் உயரம். மைதானங்களை அதற்குப் பிறகுதான் எழுதினோம்.

மலையேறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, பகலில் மேலே போ, இரவில் கீழே தூங்கு. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பதும் பொதுவான அறிவுரை. உடம்பு இரவில்தான் கஷ்டப்படுகிறது, தூக்கத்தில் மூச்சு ஆழம் குறைகிறது. காரில் போகிறவனுக்கு இதில் ஒரு ஆபத்தும் ஒரு வசதியும் இருக்கிறது. நடந்து போகிறவன் ஒரு நாளில் 3,000 மீட்டர் ஏற முடியாது, கார் ஏற்றிவிடும். அதே கார் சாயங்காலம் கீழேயும் இறக்கிவிடும்.

முதல் இரவு கொலராடோ ஸ்பிரிங்ஸ், சுமார் 1,840 மீட்டர். மறுநாள் அங்கேயே ஒரு நகரப் பூங்காவில் மெதுவாக ஒரு ஆட்டம், நிறையத் தண்ணீர், பீர் கிடையாது. இரண்டாம் இரவும் அங்கேயே. ஒரு நாள் வீண் என்று முதல் வருட நான் சொல்லியிருப்பேன். மூன்றாம் நாள் 285ஆம் நெடுஞ்சாலையில் ஏறினோம். டென்வருக்குத் தென்மேற்கே அந்தச் சாலையில் கானிஃபர், பெய்லி என்று இரண்டு சின்ன ஊர்கள், இரண்டிலும் மலைக்காட்டு மைதானம் இருக்கிறது. கானிஃபரில் இருப்பது பீவர் ரேஞ்ச். சுமார் 2,400, 2,500 மீட்டர் உயரம், உடம்பு கேள்வி கேட்கத் தொடங்கும் எல்லைக்குச் சற்றே கீழே. அங்கே இரண்டு இரவு. பிறகுதான் கெனோஷா கணவாய் (3,048 மீட்டர்), ஃபேர்ப்ளே, ஹூசியர் கணவாய் (3,518 மீட்டர்) தாண்டி பிரெக்கன்ரிட்ஜ் வழியாக ஃபிரிஸ்கோ இறங்கினோம். ஃபிரிஸ்கோ 2,766 மீட்டர். ஐந்து நாளில் நான்கு மைதானம். தலைவலி மாத்திரை ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மலை நோய்க்கு முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரையும் இருக்கிறது, ஏற்கெனவே அவதிப்பட்டவர்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. என் நண்பன் கேட்டு வாங்கி வைத்திருந்தான்.

இரண்டாவது நெடுவரிசை நேரம். கொலராடோ கோடையில் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வெயில் சரிவுகளைச் சுட வைக்கும், சூடான காற்று மலையோரமாக மேலே ஏறும், மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும். ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஈரமும் வந்து சேர்வதால் மதியத்துக்குப் பிறகு இடி மின்னல் வருவது கிட்டத்தட்ட தினசரி வழக்கம். நாம் எங்கே நிற்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். திறந்த மலைமுகட்டில், ஒரு இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில், இரும்புச் சங்கிலியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு. இடி கேட்டால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்குப் போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பக் கூடாது. எங்கள் கணக்கு: காலை ஏழுக்கு முதல் வீச்சு, பன்னிரண்டுக்குள் கடைசிக் கூடை. டாலஸில் 18 கூடையை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவோம், மலையில் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அதனால் ஒரு நாளைக்கு ஒரு மைதானம்தான். 'காலையில் ஒன்று, மாலையில் ஒன்று' என்பது சமவெளிக்காரன் கணக்கு.

பனிச்சறுக்கு மலைகளில் இருக்கும் மைதானங்களுக்கு இன்னொரு சிக்கல். பல இடங்களில் மேலே போகத் தொங்குவண்டி வேண்டும், அது ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் ஓடும், சில மலைகளில் ஓரங்களில் வார இறுதி மட்டும். ஜூன் மாதத்தில்கூட நிழலான சரிவுகளில் பனி கிடக்கும், வெள்ளை டிஸ்க் எடுத்துப் போனால் அவ்வளவுதான். ஒரு மலையில் இணையதளத்தைப் பார்த்து நம்பிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். அதன் பிறகு முந்தின நாள் போன் பண்ணிக் கேட்காமல் எங்கும் போவதில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். மலை மைதானத்தில் அட்டையில் எழுதியிருக்கும் தூரம் பொய் சொல்லும். 90 மீட்டர் என்று போட்டிருக்கும், 15 மீட்டர் மேலே ஏற வேண்டியிருக்கும். உயர வித்தியாசத்தை மூன்றால் பெருக்கித் தூரத்தோடு கூட்டு, இறக்கமானால் கழி என்பது ஆட்டக்காரர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. அந்த 90 மீட்டர் 135 ஆகிவிடுகிறது. தோராயம்தான், ஆனால் எந்த டிஸ்க்கை எடுப்பது என்று முடிவு செய்ய இது போதும்.

இறக்கத்தில் வீசும்போது நாம் ஆசைப்பட்டு வந்த அந்தக் காட்சி கிடைக்கும். ஆனால் அங்கேயும் ஒரு பிடி இருக்கிறது. தட்டு காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது, கூடுதல் நேரம் முழுக்கக் கடைசிக் கட்டத்தில்தான் சேர்கிறது, அதாவது இடதுபக்கம் சாயும் கட்டத்தில். சமவெளியில் 5 மீட்டர் இடதுபக்கம் போகும் தட்டு இங்கே 25 மீட்டர் போய் வேறொரு பள்ளத்தாக்கில் விழும். பெரிய டிரைவரை எடுத்து முழு பலத்தோடு வீச வேண்டும் என்று கை துடிக்கும். மெதுவான, நேராகப் போகும் தட்டை எடுத்து முக்கால் பலத்தில் வீசுவதுதான் சரி. பெய்லியில் ஒரு இறக்கத்தில் என் நண்பன் அவியார் என்ற பட்டரை, அதாவது பக்கத்திலிருந்து கூடையில் போடப் பயன்படும் தட்டை, எடுத்தான். "இதுவா?" என்றேன். வீசினான். அது அவசரமே இல்லாமல், கோயில் குளத்தில் விட்ட அகல் மாதிரி, மிதந்துகொண்டே கீழே போனது. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. இருவரும் பேசவில்லை. கூடைக்கு நாலு மீட்டர் தள்ளிப் படுத்தது.

நான் பெரிய டிரைவரை வீசினேன். அதைத் தேட முக்கால் மணி நேரம் ஆயிற்று, கிடைக்கவும் இல்லை.

ஏற்றத்தில் ஆசையே படாதீர்கள். மேலே வீசுவதற்காகத் தட்டின் மூக்கையும் சேர்த்துத் தூக்கிவிடுவோம், ஏற்கெனவே மெலிந்த காற்று, உடனே இடதுபக்கம் சரிந்து நம் காலடிக்கே உருண்டு வரும். தோளைச் சாய்த்து, தட்டைச் சரிவுக்கு இணையாகவே விட வேண்டும்.

கூடைப் பக்கம் வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சரிவில் நட்ட கூடையைத் தவறவிட்டால் தட்டு விளிம்பில் விழுந்து, நாணயம் மாதிரி உருளத் தொடங்கும். 6 மீட்டரிலிருந்து போட்டுத் தவறி, 30 மீட்டர் கீழே போய் நின்ற கதை எனக்கே மூன்று உண்டு. கூடை நமக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருந்தால், சங்கிலியைக் குறி வைக்காமல் கூடைக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு அடுத்த வீச்சில் போடுவது கௌரவக் குறைவு இல்லை. முதல் இரண்டு நாள் எனக்கு அது கௌரவக் குறைவாகத்தான் பட்டது.

ஃபிரிஸ்கோ மைதானம் டில்லன் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஒரு தீபகற்பத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அந்த நீர்த்தேக்கம் 1963இல் கட்டி முடித்தது. பழைய டில்லன் ஊர் அதன் அடியில் போயிற்று, ஊரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து 37 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக மலைத்தொடரைக் குடைந்து டென்வருக்குத் தண்ணீர் போகிறது. மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது பழைய கோயில் நந்தி தலை காட்டுவது ஞாபகம் வந்தது. ஃபிரிஸ்கோவில் நாங்கள் மூன்றாவது முறையாகவும் சந்தோஷமாகத் தோற்றோம், அங்கே எங்களைவிட நன்றாக ஆடிய எழுபது வயதுப் பாட்டி ஒருவர், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். அந்த ஊரிலேயே வசிப்பவராம். உடம்பு பழகிக்கொள்ள அவருக்கு நாற்பது வருடம் கிடைத்திருக்கிறது, எங்களுக்கு ஐந்து நாள்.

திரும்பும் வழியில் லெட்வில் போனோம். பகலில், இரண்டு மணி நேரம் மட்டும். அவன்தான் போக வேண்டும் என்றான். அந்த மோட்டல் வாசலில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து, என் மனைவிக்கும் அவன் மனைவிக்கும் அனுப்பினான். பிறகு முறுக்குப் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து வண்டியின் முன்பக்கம் வைத்தான். நன்றாக உப்பியிருந்தது. சலைடா வருவதற்குள் கொஞ்சம் தளர்ந்தது, பியூப்லோவில் சாதாரணப் பாக்கெட் ஆகிவிட்டது. இனிமேல் இதுதான் எங்கள் உயரமானி என்றான்.

இந்த வருடத் தாள் இப்போது திறந்து கிடக்கிறது. யூட்டா. 2021இல் உலகச் சாம்பியன்ஷிப் ஆட்டம் ஆக்டனில் நடந்தது. கடைசிக் கூடையில் ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டரிலிருந்து வீசி நேராகச் சங்கிலியில் போட்டு, பால் மெக்பெத்தைச் சமன் செய்து, பிறகு பிளே-ஆஃபில் ஜெயித்த அதே இடம். அதைப் பார்த்தே தீர வேண்டும். இன்னொன்று சாலிட்யூட் பனிச்சறுக்கு மலையின் மைதானம், சுமார் 2,400 மீட்டர். உயரக் கணக்கு இங்கே தானாகவே அமைந்துவிட்டது. சுமார் 1,300 மீட்டரில் இருக்கும் சால்ட் லேக் சிட்டியில் தூங்கலாம், காலையில் ஒரு மணி நேரத்துக்குள் மேலே போய் ஆடலாம், இடி வருவதற்குள் கீழே இறங்கலாம்.

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. சாலிட்யூட் இருக்கும் பிக் காட்டன்வுட் பள்ளத்தாக்கு நகரத்தின் குடிநீர் ஆதாரம், அதனால் நாய்களுக்கு அனுமதி இல்லை, காருக்குள் வைத்தும் கூட்டிப் போக முடியாது. என் நண்பன் போன மாதம் ஒரு நாய் வாங்கியிருக்கிறான். "அதை விட்டுட்டு வர மாட்டேன்டா, அன்னைக்கு நீ என்னை விட்டுட்டுப் போன மாதிரி" என்கிறான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சால்ட் லேக் சிட்டியில் பகல் நேரம் மட்டும் நாயைப் பார்த்துக்கொள்ளும் இடங்களின் பட்டியலைத் தாளில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.